நத்தம் செசிலி எழுதாத தொடர்கதை

என் செல்ல மதினிக்கு,

ஆக்னஸ் எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்ததால் உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு வாய்க்கவே இல்லை. எழுதியிருந்தால், பிரிக்கும் முன்பே "என்னத்த ஒடச்சு வச்ச, சொல்லு" என்று கேட்டிருப்பீர்கள். உடைத்துத்தான் வைத்திருக்கிறேன், மதினி.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயிலில் பூசை இப்போது தமிழில்தான். லத்தீனில் சாமியார் என்ன சொல்கிறார் என்று என் விலாவில் இடித்துக் கேட்டுக்கொண்டே இருப்பீர்களே, இப்போது எல்லாம் புரிகிறது. அதனால் தூங்கவும் முடியவில்லை. இன்னொன்று, என் நாவல் அச்சில் வருகிறது. வாராவாரம், படத்தோடு, நாம் இருவரும் அடித்துப் பிடித்து வாசித்த அதே பத்திரிகையில்.

அந்தப் பத்திரிகையைத் தெருவில் வாங்குவது ஒரு வீடு, வாசிப்பது எல்லா வீடும். நம் கைக்கு வரும்போது அதில் எண்ணெய்க் கறை இருக்கும், யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள், ஓரத்தைப் பிள்ளைகள் தின்றிருக்கும். அதிலிருந்து தொடர்கதையை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி அட்டை ஒட்டுவோம். நடுவில் ஒரு வாரம் கிடைக்காமல் போனால் என்ன செய்வீர்கள்? "அந்த வாரத்த நீயே எழுதி ஒட்டு, புள்ள" என்று வெள்ளைத் தாளை நீட்டுவீர்கள். நான் எழுத்தாளரானது அப்படித்தான். ஓட்டை அடைக்கிற வேலை.

நீங்கள் கதையில் வருகிறவர்களிடம் பேசுவீர்கள். அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே, "அந்தப் பய முழியே சரியில்ல, நம்பாதடி" என்று கதாநாயகிக்குப் புத்தி சொல்வீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து, "யாருடி அது, எந்தத் தெருப் பொண்ணு?" என்று பதறுவாள். நாம் சிரித்த சிரிப்பில் அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது.

என் ஒட்டுப் பக்கங்களை வாசித்துவிட்டு ஒரு நாள் சொன்னீர்கள். "ஒன் கதையில எல்லாப் பொம்பளைக்கும் பொறுமை சாஸ்தி. ஒருத்தியாவது கோவிச்சுக்கிட்டுப் போகட்டுமே." சொல்லிவிட்டு மறுபடி அரைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். நீங்கள் ஒரு நாளும் கோபித்துக்கொண்டு எங்கேயும் போனதில்லை.

விஷக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு, நாம் தைத்து வைத்த கதைகளைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தால் உங்கள் குரல் கேட்குமே என்று பயம். நாள் போகப் போக, இனிமேல் கேட்காமலே போய்விடுமோ என்று வேறொரு பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் நாவல் எழுத உட்கார்ந்தேன்.

கதை இதுதான். ஒரு பஸ் டிரைவர். அவன் மனைவி பிறந்த ஊருக்குத் தினமும் வண்டி ஓட்டுகிறான். அவளால் மட்டும் அந்த ஊருக்குப் போக முடிவதில்லை. ஒரு நாள் கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள். திண்டுக்கல்லையும் நத்தத்தையும் மாற்றி வேறு ஊர்கள் போட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றினேன். பெரிய சாமர்த்தியக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசியில் எழுதியவர் பெயர் போட வேண்டுமே. ஆக்னஸ் என்றால் இரண்டாம் வகுப்பு டீச்சர் என்றுதான் தோன்றுகிறது, நாவலாசிரியை என்று தோன்றவில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் பெயர் பத்திரிகையில் வந்தால் அம்மா ஊரைக் கூட்டிவிடுவாள். எத்தனையோ எழுத்தாளர்கள் மனைவி பெயரில் எழுதுகிறார்கள், சொந்த ஊரை முன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். நானும் உங்கள் ஊரையும் உங்கள் பெயரையும் சேர்த்து "நத்தம் செசிலி" என்று எழுதினேன். எழுதிப் பார்த்து அழுதேன். உங்களுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தேன், மதினி. அன்பு பாதி, பயம் பாதி.

முதல் அத்தியாயம் வந்த அன்றே தெரு முடிவுகட்டிவிட்டது. எழுதியது நீங்கள்தான். சாகும் முன் எழுதி வைத்திருக்கிறீர்கள், நான் எடுத்து அனுப்பியிருக்கிறேன். "ஆத்தி! வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாளே, மனசுக்குள்ள இம்புட்டு வச்சிருந்திருக்காளே!" என்று பக்கத்து வீட்டுப் பவுலின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாந்தான்க்கா எழுதுனேன்" என்றேன். "சும்மா இரு புள்ள, செத்தவ பேர நீ எடுத்துக்காத" என்று அதட்டிவிட்டார்.

அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். நான் இரவெல்லாம் மண்ணெண்ணெயை வீணாக்கியதற்குத் திட்டியவள் அவள்தானே. "செத்தவள எதுக்குடி தெருவுல இழுத்து விட்ட?" என்று முதலில் கத்தினாள். பிறகு யோசித்து, "சரி, அவ எழுதுனதாவே இருக்கட்டும். நீன்னு தெரிஞ்சா ஒன்ன எவன் கட்டுவான்?" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உங்கள் மேல் பொறாமைகூட வந்தது. ஊரெல்லாம் செசிலி எழுத்து, செசிலி எழுத்து என்று புகழ, நான் மூலையில் நின்று வெங்காயம் உரித்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாதது அண்ணன் சங்கதி.

நாம் வாசிக்கும்போது "கதப் பொஸ்தகம் சோறு போடுமா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போவானே, அவன்தான் இப்போது பஸ் ஸ்டாண்டு கடையில் கட்டுப் பிரிக்கும் முன்பே போய் நின்று பத்திரிகை வாங்குகிறான். ஸ்டியரிங் மேல் விரித்து வைத்து, உதடு அசைய வாசிக்கிறான். அவனும் நம்பிவிட்டான், மதினி. தன் பெஞ்சாதி வாராவாரம் தன்னோடு பேசுகிறாள் என்று நம்பிவிட்டான்.

ஏன் நம்ப மாட்டான்? நான் எழுதி வைத்தது அப்படி. ஒரு மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள். "ஒரு நாளைக்கு ஒங்க வண்டியில முன் சீட்ல ஒக்காந்து ஊருக்கு வாரேனே. செத்த நேரம் அய்யாவப் பாத்துட்டு அடுத்த டிரிப்புல திரும்பிருவேன்." அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பஸ்சு என்ன ஒங்க அப்பன் வீட்டு வண்டியா? வெஞ்சனத்த வையி." கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தட்டி மறைப்புக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். அகன்று போயிருக்க வேண்டும், போகவில்லை. கேட்டதை ஒரு எழுத்து மாறாமல் கதையில் வைத்தேன். இன்னும் கேவலமானதைச் சொல்லட்டுமா? அந்த இடத்தை எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேனாவை மூடிவிட்டு, நன்றாக வந்துவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டேன். நீங்கள் அவமானப்பட்ட நேரம் எனக்கு ஒரு நல்ல அத்தியாயம் ஆகிவிட்டது.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். ஒட்டுக் கேட்டதற்கு ஜெபமாலை சொல்லச் சொன்ன சாமியார், "அப்பறம் அந்தப் பொண்ணு என்னம்மா ஆனா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அத்தியாயம் வந்த பிறகு ஒரு நாள், அண்ணனோடு ஓடுகிற கண்டக்டர் முத்தையா நம் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, நீயாச்சும் சொல்லு. ஒங்க அண்ணன் முன் சீட்டுல ஒரு சனத்தையும் ஒக்கார விட மாட்டேங்கிறாரு. கூட்டம் நெரியுது, புள்ளத்தாச்சி நிக்கிறா, அப்பயும் 'ஆள் வருது'ங்கிறாரு. யாருய்யா வர்றதுன்னு கேட்டா பேச மாட்டேங்கிறாரு. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா வண்டிய விட்டு எறக்கிருவாங்க."

யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. கோபால்பட்டி மேடு பள்ளமெல்லாம் அந்த வெறும் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நத்தம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புகிறான். நீங்கள் இருந்தபோது செய்யாததை எல்லாம் இப்போது செய்துகொண்டிருக்கிறான். அவனை அப்படி ஆக்கியது என் பேனா.

போன வாரம் சாப்பிட்டு முடித்து, கைகூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான். "ஆக்னசு, அவ எழுதுனத எங்க வச்சிருக்க? காமி. வாசிக்கிறதுக்கு இல்ல. அவ கையெழுத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்."

"நாந்தான் அண்ணே எழுதுனேன்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "என்னயத் தேத்துறதுக்காகப் பொய் சொல்லாத, தாயி. முன் சீட்டுப் பேச்சு எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். நீ எப்பிடி எழுத முடியும்?"

ஒட்டுக் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு எழவில்லை, மதினி. புருஷன் பெஞ்சாதி பேச்சை நின்று கேட்டவள் என்று அண்ணன் முன்னால் எப்படிச் சொல்வது? நான் சும்மா நின்றதைப் பார்த்து, எழுதியது நீங்கள்தான் என்று நான் ஒத்துக்கொண்டதாக அவன் எடுத்துக்கொண்டான். கையைக் கழுவப் போனவன் திரும்பி வந்து கேட்டான்.

"சரி, வேற எதுவும் வேணாம். கடைசியில அவ எந்த பஸ்ல ஏறுறா? அத மட்டும் சொல்லு."

தெரியாது என்றேன். அது பொய். கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்து வைத்திருந்தேன். அவள் வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள். எதிரே புருஷனின் வண்டி வருகிறது, அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். அவள் புருஷன் வண்டியிலேயே ஏறுகிறாள், முன் சீட்டில் உட்காருகிறாள், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறான், சுபம். இதை அச்சில் பார்த்தால் அண்ணன் தேறிவிடுவான். ஆனால் வாசித்துப் பார்த்தபோது எனக்குக் கூசியது. உங்கள் பெயரைப் போட்டு உங்கள் புருஷனை நான் மன்னிக்கிறேன். எனக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தார்கள்?

நீங்கள் அவனை அன்றைக்கே, எச்சில் தட்டைக் கழுவும்போதே மன்னித்திருக்கலாம். கண்ணை மூடும்வரை மன்னிக்காமலும் இருந்திருக்கலாம். நீங்கள் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. கதையில் வந்த அத்தனை பெண்களைப் பற்றியும் பேசினோமே, உங்களைப் பற்றி ஏன் நான் ஒரு நாளும் கேட்கவில்லை? இம்புட்டு எழுதினேன், இது எனக்குத் தெரியாது.

அதனால் மாற்றி எழுதியதைக் கிழித்துவிட்டேன். அவள் வேறு பஸ்ஸில்தான் போகிறாள். கதைக்கு அதுதான் நியாயம். ஆனால் அது நான் எழுதிய கதை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். இதுவரை வந்ததும் இனி வருவதும் எழுதியது திண்டுக்கல் ஆக்னஸ் என்று கொட்டை எழுத்தில் போடும்படி பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்திலேயே இந்தக் கடிதத்தையும் போடச் சொல்லியிருக்கிறேன். எவனும் கட்ட வரவில்லை என்றால் வராமல் போகட்டும்.

ஆனால் அண்ணன் இதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக் காலையில் தபாலில் சேர்த்துவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். முதலில் தபால், பிறகுதான் பஸ். என் கோழைத்தனம் எனக்குத் தெரியும், பின்வாங்க வழி வைக்கக் கூடாது.

அவன் வண்டியில் ஏறி அந்த முன் சீட்டில் உட்காருவேன். "எந்திரி, ஆள் வருது" என்பான். எழுந்திருக்க மாட்டேன். வண்டி ஊரைத் தாண்டியதும், தட்டிக்குப் பின்னால் நின்றதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்வேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவன் எழுந்து எங்கே போவான்? நத்தம் வரைக்கும் அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

திட்டுவான். நடுரோட்டில் இறக்கிவிட்டாலும் விடுவான். வாராவாரம் அவனோடு பேசிக்கொண்டிருந்த உங்களை இன்னொரு தடவை அவனிடமிருந்து பிடுங்கப் போகிறேன். அழுவான், மதினி. ஆனால் என் பெஞ்சாதி என்னை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் போய்விட்டாள் என்று அவன் அழக் கூடாது. என் தங்கச்சி எனக்கு இப்படிப் பண்ணிவிட்டாளே என்று அழட்டும். பக்கத்து சீட்டில் நான் இருப்பேன்.

இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் பெயரை உங்களிடமே திருப்பித் தருகிற
நாத்தனார்,
ஆக்னஸ்