அம்மனிடம் கேட்ட பேட்டரி

படப்பை
26.7.2013

மதிப்புக்குரிய அத்தைக்கு, மருமகள் மாரிசெல்வி வணங்கி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே இருவரும் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

உங்கள் மகன் கம்பெனிக்குப் போகும் கரண்டு வண்டிக்குப் புது பேட்டரி தேவைப்பட்டது. பழைய மாதிரி ஈய பேட்டரி விலை குறைவு, ஆனால் அரிசி மூட்டைக் கனம். லித்தியம் பாலிமர் இரண்டு மடங்கு விலை, ஆனால் லேசு. அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். ஈயத்துக்குத்தான் பூ வந்தது.

வீட்டுக்கார முனியம்மாள் அக்கா சிரித்தார்கள். "சார்ஜ் போட தெனம் ரெண்டு மாடி யாரும்மா தூக்கினு ஏறுவா? உன் வூட்டுக்காரரு இடுப்பப் புடிச்சிகினு நடக்குறாரு. அம்மனா வந்து தூக்கும்?"

இடுப்புப் பிடிப்பு சின்னதுதான், பயப்படாதீர்கள். நான் அம்மனிடம் விலையை மட்டும் சொல்லியிருக்கிறேன், இடுப்பைச் சொல்லவே இல்லை. அப்புறம் அவள் என்ன செய்வாள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு லித்தியமே வாங்கிவிட்டோம்.

இது சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டுமாம். அவர் ஷிப்டு முடித்துத் தூங்குகிறார். நானும் பேட்டரியும்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஊர்க்காரர் யாராவது வந்தால் கோவில் குங்குமமும் நீங்கள் இடித்த மிளகாய்ப் பொடியும் கொடுத்துவிடுங்கள். நீங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது, இங்கே பேச்சுக்கு ஆளில்லை.

பச்சை விளக்கு எரிந்துவிட்டது, எழுந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

மாரிசெல்வி