பிலாரின் கோலுக்குள் நின்ற மூன்று பேர்

சால்தோ, ஜூலை 9, வியாழக்கிழமை

அன்பு மகன் ரமிரோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, பிலார், நாய் எல்லோரும் சுகம், அங்கே சரகோசாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதானே ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், இதில் நாயைப் பற்றிச் சொன்னது மட்டும் முழு உண்மை. இந்தக் காலத்தில் அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று பயப்படாதே, யாரும் சாகவில்லை. போனில் பேசினால் உன் தங்கை பிலார் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு நிற்கிறாள், செய்தி அனுப்பினால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். பக்கத்து வீட்டு நெல்லியின் மருமகன் செவ்வாய்க்கிழமை உன் ஊருக்குத்தான் வருகிறான், அவன் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். பாவம் நெல்லி, போன வாரம் என் கடைக்கு முடிக்குச் சாயம் போட வந்தவளை உட்கார வைத்துவிட்டு நான் பிலாரையே நினைத்துக்கொண்டு நின்றதில் அவள் தலை கேரட் நிறத்துக்குப் போய்விட்டது, இருந்தும் கடிதத்தை வாங்கிக்கொண்டாள், அப்படிப்பட்ட மனுஷி.

விஷயம் கோச் வால்தெமார். பெயரைப் பார்த்ததும் மடித்து வைக்காதே, முழுக்கப் படி. நீ செவ்வாயும் வியாழனும் வீடியோவில் அவளுக்குக் கோல் காக்கச் சொல்லிக்கொடுக்கிறாயே, கொல்லையில் துணிக்கொடியின் இரண்டு கம்புக்கு நடுவே அவள் நிற்க, போனை நான் துவைக்கிற தொட்டி மேல் சாய்த்து வைக்க, நீ அங்கிருந்து முன்னால் வா முன்னால் வா என்று கத்த, அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், பயிற்சியில் அவள் கோல் கோட்டிலிருந்து முன்னால் ஓடி வர ஆரம்பித்ததும் வால்தெமார் விசிலை ஊதி நிறுத்தி, "இதை உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டார், அவளும் பெருமையாக "எங்கண்ணன்" என்றாள். அந்த மொட்டைத் தலை சிவந்ததை நானே பார்த்தேன். அத்தனை பெற்றோர் முன்னாலும், "ஒரு கோலுக்கு ரெண்டு கோச் கிடையாது. வெளியில படிக்கிற பிள்ளை வெளியிலயே ஆடிக்கட்டும்" என்றார். அதோடு விட்டாரா, எல்லோரும் ஒரே குழாயில் உறிஞ்சுகிற மாத்தே தேநீர்க் குடுவையை நிரப்பி வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தவர் என்னைத் தாண்டி நெல்லிக்குக் கொடுத்தார். இருபது வருஷமாக அந்தக் கிளப் கேண்டீனில் ரொட்டி பொரிக்கிற என்னை! நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன், முடி வெட்டுகிறவளுக்குப் பேன் என்று நாலு பேர் நினைத்திருப்பார்கள்.

நீ பதிமூன்று வயதில் வேறொரு இடத்தில் தனியாகப் பயிற்சிக்குப் போனாய் என்று இதே மனுஷன் உன்னை ஒரு சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தாரே, அது நினைவுக்கு வந்து எனக்குக் கோபம் அப்படியே தலைக்கு ஏறிவிட்டது. அன்று நான் ஏப்ரனைக் கழற்றி அவர் மேல் எறிந்தேன், அது போய் நடுவர் தலையில் விழுந்தது, இன்றும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த முறை எறியவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன்.

போன மாதம் மூன்றாவது சனிக்கிழமை, ரயில்வே பக்கத்துக் கிளப்போடு ஆட்டம், ஒன்றுக்கு ஒன்று, கடைசி இரண்டு நிமிஷம். கோலுக்கு வேறு ஆள் இல்லாமல் பிலாரையே நிற்க வைத்திருக்கிறார். அவர்கள் பக்கத்து நெட்டைச் சடைக்காரி ஒருத்தி தனியாகப் பந்தோடு வருகிறாள். வால்தெமார் இந்தப் பக்கமிருந்து "கோட்டுலயே நில்லு பிலார்!" என்று கத்துகிறார். உன் அம்மா சும்மா இருந்தாளா? கம்பி வேலியில் ஏறி நின்று, "அண்ணன் சொன்னதை நெனச்சுக்கடீ, வெளிய வா!" என்று கத்தினேன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவில் கேட்டிருக்கும். குழந்தை நாலடி வந்தாள், நின்றாள். பந்தைப் பார்க்கவில்லை ரமிரோ, என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். பந்து வேகமாகக்கூட வரவில்லை, வலது மூலையில் வீட்டுக்குத் திரும்புகிற பூனை மாதிரி நிதானமாக உள்ளே போனது. ஆட்டம் முடிந்ததும் அவள் அழவில்லை. நீ அனுப்பிய கையுறையை, அதுதான் வளருவாள் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கி அனுப்பினாயே, அதைக் கழற்றி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்தாள். "யாரு சொன்னதைக் கேக்கணுமோ அவங்களே மாட்டிக்கிட்டு நில்லுங்க" என்றாள். அன்றிலிருந்து பயிற்சிக்குப் போகவில்லை. உன்னிடம் கால் வலி என்று சொல்கிறாள் அல்லவா, கால் வலி இல்லை. கையுறை அலமாரிக்கு மேல் கிடக்கிறது, நான் தூசி தட்டுகிற சாக்கில் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.

மூன்று முறை வால்தெமாரிடம் போனேன். முதல் தடவை கேக் செய்துகொண்டு போனேன், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். இரண்டாம் தடவை கிளப் விதிப்புத்தகத்தோடு போய், வெளியே கற்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது காட்டுங்கள் என்றேன், "காட்டுறேன், முதல்ல பெத்தவங்க வேலியில ஏறலாம்னு எங்க எழுதியிருக்கு, அதை நீ காட்டு" என்றார். எழுதவில்லைதான். மூன்றாம் தடவை கையில் ஒன்றும் இல்லாமல் போனேன். வாயும் காலி. கோல் வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், நானும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பாதி வலை முடிந்ததும், "ஏம்மா மிர்த்தா, உன் பையன் இன்னும் பந்துக்கு இடது பக்கமே விழறானா?" என்று கேட்டார். பத்து வருஷம் ஆகிறது ரமிரோ, உன் வலது தோள் பலவீனம் எனக்கே மறந்துவிட்டது, அவருக்கு மறக்கவில்லை. அப்புறம் சொன்னார், "அவன் சொல்லிக்குடுக்கிறது தப்பில்ல, பெரிய மைதானத்துக்கு அதுதான் சரி. இவளுக்குப் பதினோரு வயசு, முன்னால வந்தா பந்தைத் தலைக்கு மேல தூக்கிப் போட்டுருவாளுங்க. ரெண்டு வருஷம் போகட்டும், நானே சொல்லிக்குடுக்கிறேன், உங்கண்ணன் சொன்னதுதான்னு சொல்லியே குடுக்கிறேன்." உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. மாத்தே கொடுத்தார், ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

சமாதானம் பேசி முடித்த மந்திரி மாதிரி வீட்டுக்கு வந்து பிலாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொட்டியில் பால் இனிப்பைத் தடவிக்கொண்டே கேட்டாள், தடவி முடித்தாள், பிறகு, "நீங்க, கோச், அண்ணன், மூணு பேரும் முடிவு பண்ணிட்டீங்க, சந்தோஷம். என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். என்னடி கேட்க வேண்டும் என்றேன். "அந்தச் சடைக்காரி எப்பவும் வலது பக்கம்தான் அடிப்பா. ரெண்டு ஆட்டமா பாத்து வச்சிருந்தேன். வலது பக்கம் போகத்தான் நான் காலை எடுத்தேன். அப்பத்தான் நீங்க கத்துனீங்க."

உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ம்" என்றார், இந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது, அதுவும் அவள் கட்சிக்கு.

இப்போது அவள் போட்டிருக்கிற நிபந்தனையைக் கேள். பள்ளிக் குளிர்கால விடுமுறை முடிந்து இந்த மாதம் 25-ஆம் தேதி சனிக்கிழமை அதே ரயில்வேக்காரர்களோடு மறு ஆட்டம். அதில் ஒரே ஒரு தடவை நிற்பாளாம், அப்படி நிற்பது பிடித்திருந்தால் தொடர்வாளாம், இல்லையென்றால் கையுறையை நெல்லியின் பேத்திக்குக் கொடுத்துவிடுவாளாம். கோச் ஆட்டத்துக்கு முன்னாலும் இடைவேளையிலும் பேசலாம், பந்து வரும்போது வாயைத் திறக்கக் கூடாது. வால்தெமாரிடம் சொன்னேன், முறைத்துவிட்டு, "சரி, மாத்தே குழாயை வாயில வச்சுக்கிட்டு உக்காந்துக்கிறேன்" என்றார். நான் கேண்டீனில் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், திரும்பாமல் பார்த்துக்கொள்ள அப்பா காவல். நீ அன்று காலையிலிருந்து ஒரு செய்தியும் அனுப்பக் கூடாது, அவளாகக் கூப்பிடும்வரை என்ன ஆச்சு என்று கேட்கவும் கூடாது. இதை உன்னிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நீ வருத்தப்படுவாய் என்றுதான் கால் வலி என்கிறாள்.

அந்தக் குளிர்கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்கிவிட்டு வருகிற உனக்கு அந்த இரண்டு நாள்தான் வாய்விட்டுப் பேசுகிற நேரம் என்று எனக்குத் தெரியாதா? உனக்குக் கிடைக்காமல் போனதை அவளுக்குக் கொடுக்கப் பார்க்கிறாய், அதுவும் தெரியும். நிறுத்தச் சொல்லவில்லையடா, செவ்வாயும் வியாழனும் கூப்பிடு. முன்னால் வா என்று சொல்வதற்கு முன், "நீ என்ன பார்த்தாய்?" என்று ஒரு தடவை அவளைக் கேள். நான் கேட்காமல் விட்டது அதுதான். என்னைப் பற்றி எனக்கே நம்பிக்கை இல்லை, இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் ஏழு தடவை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு எப்படித் திரும்பாமல் நிற்கப் போகிறேனோ, சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், நம் பக்கத்துச் சத்தமா அவர்கள் பக்கத்துச் சத்தமா என்று.

போனில் சொன்னாயே, அந்தப் பல் வலியை மாத்திரை போட்டு அமுக்காதே, போய்க் காட்டு. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் பெட்டியில் இருக்கிறது, நெல்லியின் மருமகன் போட்டுக்கொள்வதற்கு முன்னால் வாங்கிக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் தோளையும் சேர்த்து. நினைவில் வை, 25-ஆம் தேதி இங்கே காலை பதினொன்று, அங்கே மாலை நான்கு. நான் இங்கே முதுகைத் திருப்பிக்கொள்ளும்போது நீயும் அங்கே போனை மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டுத் திரும்பி உட்கார். அவள் தனியாக நிற்கட்டும்.

முத்தங்களுடன்,
வேலியிலிருந்து இறங்கிவிட்ட உன் அம்மா,
மிர்த்தா