அண்ணை மாற்றிச் சொன்ன முடிவுகள்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணை,

பதினெட்டு மாதம் மூத்தவனுக்கு என்ன பெரிய 'நீங்கள்' என்று சின்ன வயதிலிருந்தே உன்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். செத்துப் போனாய் என்பதற்காக இப்போது மரியாதை கூடப் போவதில்லை. நீ போய் ஏழு மாதமாகிறது. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து ஒரு வாக்கு வாங்கினாயே, அதை நான் உடைத்துவிட்டேன்.

இதை எழுத உட்கார்ந்தேன், எழும்பினேன், தேத்தண்ணி போட்டேன், குடிக்காமல் ஆறவிட்டேன், மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். நேரே அந்த விஷயத்துக்கு வர எனக்குத் துணிவில்லை. படத்தில் தொடங்குகிறேன். நாங்கள் இருவரும் எந்தச் சண்டையையும் படத்தில்தானே தொடங்குவோம்?

முதலில் வீட்டுப் புதினம். என் திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவோடு இருக்கக் குருநகருக்கே வந்துவிட்டேன். என் மனிசன் கட்டாரில் இருந்து வரும்வரை அங்கே தனிய இருந்து என்ன செய்ய? நீ வள்ளத்து எஞ்சின்களைக் கழற்றிப் பரப்பி வைத்த இடத்தில் என் தையல் மெஷின் நிற்கிறது. அம்மாவின் கண் அப்படியேதான். வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், முகம் தெரியாது. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை தொலைக்காட்சியை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தோம். அடுத்த நாளே அம்மா, "துணியை எடு பிள்ளை, ஏதும் ஒரு படம் போடு" என்றார்.

நான் போட்டது இந்த வருடம் ஊரெல்லாம் பேசிய படம். கனடாவில் இருக்கும் மச்சாள் தன் கடவுச்சொல்லைத் தந்திருக்கிறாள். படம் தொடங்கி முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் தலைப்பே வருகிறது. கதாநாயகனுக்கு எங்கள் மாமாவின் வயது, கதாநாயகிக்கு மாமாவின் மகளின் வயது. நாற்பது முரடர்கள் பாண் வாங்க வரிசையில் நிற்பதுபோல ஒவ்வொருவராக வந்து அடி வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

"இப்ப என்ன நடக்குது?" என்று அம்மா கேட்டார்.

"அடிபடுகினம்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"இன்னும் அடிபடுகினம்."

மூன்று மணித்தியாலம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் வில்லன் சாகவுமில்லை, தப்பவுமில்லை. மிச்சத்தை இரண்டாம் பாகத்தில் பார்க்கட்டாம். அது எப்போது வரும் என்று அம்மா கேட்டார். இரண்டு வருடமாவது செல்லும் என்றேன். "எனக்கு எழுபத்தாறு வயசு எண்டு உவங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார்.

இன்னொன்று கடல் படம். அலையெல்லாம் கணினியில் செய்தது. ஒரு துளி உப்புக்கூட இல்லை. அம்மா சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "உந்தக் காத்துக்கு ஆர் வலைக்குப் போவான்?" என்றார். கதாநாயகன் போகிறான் என்றேன். "அப்ப அவனுக்குக் கடல் தெரியாது. வேறை படம் போடு." அவ்வளவுதான் விமர்சனம். எங்கள் ஆட்களைப் போலக் கதைக்கிறோம் என்று நடிகர்கள் பாடுபட்ட படத்தையும் போட்டேன். பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இது எந்த நாட்டுச் சனம் என்று கேட்டார். நீ இருந்திருந்தால் இதற்கெல்லாம் எவ்வளவு சிரித்திருப்பாய்!

அதனால் பழைய படங்களுக்குத் திரும்பினோம். எனக்கு அவை பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். நெற்றியில் கை வைத்து மூன்று மணித்தியாலம் அழுகிறார்கள். அழுது முடித்தால் பாட்டு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்கிறார். கண் தெரியாத மனுசிக்கு அது பெரிய உபகாரம். பிற்பகலில் நீயும் அம்மாவும் ஏன் அவற்றையே பார்த்தீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பிற்பகல்களில் நான் இருந்ததில்லையே. எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வியாழக்கிழமை, பொய்ச் சாட்சியால் ஒரு மகன் தூக்குக்குப் போகிற படம். உன் பென்டிரைவில் இருந்ததுதான். ஐந்து மணிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் படத்தை இரண்டு மணிக்கே போட்டுவிட்டேன். தாய் கடைசி நேரத்தில் ஓடி வந்து மகனைக் காப்பாற்றுவாள், நல்ல படம் என்று அம்மா முன்கூட்டியே சொன்னார். நானும் தைத்துக்கொண்டே பார்த்தேன். தாய் ஓடினாள். ஓடிக்கொண்டே இருந்தாள். பிறகு ஓலமிட்டாள்.

"ஏன் அவள் கத்துறாள்?"

"பிந்திப் போனா அம்மா. அவனைத் தூக்கிலை போட்டிட்டாங்கள்."

"விசர்க்கதை கதையாதை. தாய் வந்து சேர்ந்திட்டாள். உன்ரை அண்ணன் சொன்னவன்."

"நான் கண்ணாலை பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறன்!"

அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். என் வாய் எப்போது மூடியது? அம்மா அடுத்த நாள் இன்னொரு பழைய படத்தின் பெயரைச் சொல்லி, முடியும்வரை போடச் சொன்னார். அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஐந்து நாளில் ஐந்து படம். நீ சொன்னதில் மீனவன் கரை சேர்ந்தான். படத்தில் அவன் வள்ளம் மட்டும் சேர்ந்தது. நீ சொன்னதில் அந்தப் பெண் நஞ்சைக் கீழே ஊற்றினாள். படத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். வில்லன் ஒருவன் மாதா கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தானாம்! நெற்றி நிறையத் திருநீறு பூசிய வில்லன், அண்ணை! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

நீ படங்களின் பெயர் எழுதி வைத்த கொப்பியைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கு நேரேயும் ஒரு நேரம். மூன்று ஐம்பது, நாலு ஐந்து, மூன்று நாற்பது. ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் எங்கள் வீட்டில் எல்லாம் நிற்கும், செபமாலை தொடங்கும், செபத்துக்குப் பிறகு படம் போடுகிற வழக்கம் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டாய். எந்தப் படத்திலும் ஆள் சாகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடிக்கிற மாதிரி நேரம் பார்த்துப் போட்டிருக்கிறாய். பிறகு அம்மாவுக்குச் சோறு போட்டுக்கொண்டு, மிச்சக் கதையை உன் பாட்டில் சொல்லியிருக்கிறாய். கோயில் மணியையே பொய்க்குக் கூட்டுச் சேர்த்த ஒருவனை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டேன். அப்பா கடலுக்குப் போய் வராமல் விட்டதிலிருந்து, படத்தில் ஒருவர் செத்தால்கூட அம்மாவுக்குச் சோறு இறங்காது. நீ சாப்பிட வைத்தாய். சரி. ஆனால் நீ போன பிறகு அந்தப் பொய்களோடு இருக்கப் போவது ஆர் என்று ஒரு கணம் நினைத்தாயா?

சனிக்கிழமை அம்மாவுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலை இருந்து ஒவ்வொரு நாளும் போனிலை சொன்னவன், ஒண்டும் நோகேல்லை அம்மா, சும்மா படுத்திருக்கிறன் எண்டு. அதுவும் அவன் மாத்திச் சொன்ன முடிவோ?"

சீப்பு என் கையில் அப்படியே நின்றது. "செபத்துக்கு நேரமாச்சு" என்றேன்.

"மணி இன்னும் அடிக்கேல்லை" என்றார் அம்மா. அப்போது நாலு மணிகூட ஆகவில்லை.

அண்ணை, நீ அம்மாவோடு கதைக்கும்போது போனைப் பிடித்திருந்தவள் நான். ஒரு வசனம் சொல்வாய், தலையை அசைப்பாய், நான் போனைப் பொத்திக்கொள்வேன், நீ சாரத்தின் நுனியைக் கடித்துக்கொண்டு முறுகுவாய், பிறகு அடுத்த வசனம். அம்மாவைக் கூட்டி வரட்டா என்று எத்தனை தரம் கேட்டேன்? "அவ வந்தா நான் முனகவும் ஏலாது. விடு. நோகாமல் போனவன் எண்டு சொல்லு. சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன். அந்த நேரத்தில் நீ எதைக் கேட்டாலும் பண்ணியிருப்பேன்.

அதனால் நடந்தது என்ன தெரியுமா? உன் செத்தவீட்டில் சத்தமே இல்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்களை அம்மா கை காட்டி நிறுத்தினார். "என்ரை பிள்ளை நோகாமல் போனவன். ஆண்டவர் பூப்போலை எடுத்தவர். ஒருத்தரும் கத்த வேண்டாம்" என்றார். வந்த சனம் ஒன்றுக்கொன்று முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. குருநகரில் இப்படி ஒரு செத்தவீடு நான் கண்டதில்லை. தாய் அழாத வீட்டில் நான் எப்படி அழுவது? அன்றிலிருந்து செபம் முடிய ஒவ்வொரு நாளும் அம்மா நன்றி சொன்னார், நோகாமல் எடுத்ததுக்கு. அதற்கு நான் 'ஆமென்' சொன்னேன். ஏழு மாதம் சொன்னேன்.

அம்மா கேட்ட பிறகு பத்து நாள் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சட்டையின் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தேன். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். கடைக்குப் போகிறேன் என்று புறப்பட்டுக் கடற்கரை வீதியில் அங்கும் இங்கும் நடந்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். அம்மா மறுபடி கேட்கவில்லை. படமும் கேட்கவில்லை. செபம் முடிகிற இடத்தில் நன்றி சொல்லாமல் பேசாமல் இருந்தார். சொல்லாதே என்று நீ ஒரு பக்கம், சொல்லு என்று அந்த மௌனம் ஒரு பக்கம். யாரை நான் கேட்க? உன்னைத்தான் கேட்டேன். நீ வாய் திறக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் போய் நிலத்தில் இருந்து, "அண்ணைக்கு நொந்தது அம்மா" என்றேன்.

"எவ்வளவு?"

"கடுமையா."

"எத்தினை நாள்?"

"கடைசி மூண்டு கிழமையும்."

"என்னைத் தேடினவனோ?"

"ஒவ்வொரு நாளும்."

"பிறகேன் என்னைக் கூப்பிடேல்லை?"

நீ சொன்னதைச் சொன்னேன், ஒரு சொல் விடாமல். அம்மா வந்தால் முனகவும் ஏலாது என்று நீ சொன்னதை. அம்மா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்தார்.

"நொந்ததோ என்ரை ராசா! தாயிட்டைச் சொல்லாமல் நொந்தியோ!"

அதற்குப் பிறகு வந்த சொற்களை நான் எழுத மாட்டேன். அவை உனக்கு உரியவை, நீ கேட்டிருப்பாய். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்படி ஒரு குரல் எழும்பவில்லை. ஆண்டவரையும் விட்டுவைக்கவில்லை, ஏழு மாதமாகத் தன் நன்றியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்ததற்கு அவருக்கும் நல்ல பேச்சு. நானும் அம்மாவின் மடியில் விழுந்து கத்தினேன். நாற்பத்தைந்து வயதில், ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

சனம் ஓடி வந்துவிட்டது. அடுப்பில் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டு வந்தவர்கள், கையில் மீன் செதிலோடு வந்தவர்கள். பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா முன்னுக்கு நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"என்னடி றீற்றா, ஆர்? ஆர் போனது?"

"அண்ணை" என்றேன்.

"அவன் போய் ஏழு மாசமெல்லோ?"

"எங்கடை வீட்டிலை இண்டைக்குத்தான் அக்கா போனவன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, தோளில் கை போட்டு, ஒப்பாரியைத் தொடங்கினார். அன்றைக்கு அம்மா கை காட்டி நிறுத்திய அதே பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி இருந்தார்கள். இந்த முறை அம்மா யாரையும் நிறுத்தவில்லை.

வாக்கை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதற்குப் பதிலாக வேறொரு வாக்குத் தருகிறேன். இனி அம்மாவுக்கு நடந்ததை நடந்தபடி சொல்வேன். அழுதால் பக்கத்தில் இருப்பேன். சோறு இறங்காத நாளில் அந்தச் சோற்றோடு இறங்கும்வரை காத்திருப்பேன். நீ நொந்ததை இனி நீ ஒளிக்கத் தேவையில்லை அண்ணை. முனகு. அம்மாவுக்குக் கேட்கட்டும்.

உன் பொய்க்கு இனித் துணை வராத,
உன் ஒரே தங்கச்சி,
றீற்றா