மயையும் மழையும்

இன்று காலை உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு புதுக் கடையைத் தாண்டும்போது கருப்பட்டி வாசனை அடித்தது. உன் நினைவு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. இன்னும் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டி நிறையக் கருப்பட்டியோடு எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தாய். சாலவாக்கத்தை ஒட்டிய சின்ன கிராமம். நீயும் நானும் மட்டும்தான் ஆசிரியைகள். உத்திரமேரூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தாய். ஒரே டவுன் பஸ்ஸில் போய்வந்தோம்.

வந்த வாரமே தொடங்கிவிட்டாய். "என்ன டீச்சர் இது, பிள்ளைங்க தமிழைக் கொல்லுதுங்களே! ‘கீது’ன்னா என்ன? ‘வூடு’ன்னா என்ன?"

உன்னுடைய ‘சொல்லுதேன்’, ‘வாரேன்’ எல்லாம் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்ததை நீ கவனித்ததே இல்லை. நீ பேசினால் தமிழ், மற்றவர்கள் பேசினால் பிழை. அதில் உனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆண்டு விழாவுக்கு மழையைப் பற்றி நீயே ஒரு பாட்டு எழுதினாய். ஐந்தாம் வகுப்புச் செல்வியைப் பாட வைத்தாய். ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பிலிருந்து வருகிற பெண். ஒருமுறை கேட்டால் போதும், மறக்கமாட்டாள். ஆனால் மழை என்பது அவள் வாயில் ‘மயை’ என்றுதான் வந்தது. வகுப்பு முன்னால் நிறுத்தி, "நாக்கை மடக்கு, மழை, மழை" என்று ஒரு மணி நேரம் சொல்லவைத்தாய். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

"நான் அவ நல்லதுக்குத்தான சொல்லுதேன்" என்றாய். உன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏரிக்கரை வழியே அந்தக் குடியிருப்புக்கு அழைத்துப் போனேன். நடவு முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த செல்வியின் அம்மா, கால் சேறுகூடக் கழுவாமல் நின்றாள்.

"வூட்லயும் வாயே தொறக்க மாட்டேங்குது டீச்சர். நாம பேசறதெல்லாம் தப்புன்னுது. அவங்க நைனா கூப்ட்டாக்கூடத் தலைய ஆட்டிக்கினு போவுது. பொண்ண ஊமையாக்கி அனுப்பிட்டீங்களே!"

நீ பதறிப்போய் உன் ஊர்ப் பேச்சில் வேகவேகமாக என்னவோ சொன்னாய். அம்மா விழித்தாள். "இன்னா சொல்றாங்கன்னே பிரியலியே" என்று என்னைப் பார்த்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொல்றாங்கம்மா. அவங்க ஊர்ல ‘சொல்லுதேன்’னா ‘சொல்றேன்’னு அர்த்தம்."

அந்த வாரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அம்மா சொன்னாள். உன் முகம் சிவந்துபோயிற்று. "நாளைக்கு வா புள்ள, உனக்கு எப்படி வருதோ அப்படியே பாடு" என்றாய்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் திடீரென்று நின்றாய். நீ கேட்டதை இன்றுவரை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. "நான் வேத்தூர்க்காரி, எனக்குத் தெரியாது. நீ இந்தப் பக்கத்துக்காரிதான? உன் அம்மாகிட்ட ‘கீது’ன்னு பேசுத, வகுப்புக்குள்ள நுழைஞ்சா புத்தகம் மாதிரிப் பேசுத. நான் அவளை நிறுத்தி வச்சப்போ நீ பக்கத்து வகுப்புலதான இருந்த? ஏன் சும்மா இருந்த?"

செய்வதையெல்லாம் செய்துவிட்டு என்னையே கேட்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தேன்.

விழாவன்று செல்வி ‘மயை’ என்றேதான் பாடினாள், கணீரென்று. குடியிருப்புப் பெண்கள் கைதட்டினார்கள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து "மழை, மழை" என்று முணுமுணுத்தாய். ஜென்மத்துக்கும் திருந்தமாட்டாய் என்று தொடையில் கிள்ளினேன். அடுத்த திங்கட்கிழமையே மறுபடி நாக்கை மடக்கச் சொல்லத் தொடங்கினாய். ஒரு வித்தியாசம், இந்த முறை அவளைத் தனியே கூப்பிட்டு, அவளிடம் ‘கீது’ சொல்லப் பழகிக்கொண்டே சொல்லிக்கொடுத்தாய். பள்ளி இறுதித் தேர்வு வரைக்கும் படித்தாள் அவள்.

மூன்றே வருடத்தில் உன் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். எத்தனையோ கடிதம் எழுதினேன். ஏன் சும்மா இருந்தாய் என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. பதில் எனக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என் பேச்சைக் கேட்டு விடுதியே சிரித்தது. அன்று வந்த வெட்கத்தில், செல்வியைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளை அதட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஜூன் மாதமும், அழுதுகொண்டு வந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "உம் பேரு இன்னா கண்ணு?" என்பதுதான். அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கும். பாடமெல்லாம் அதற்குப் பிறகுதான்.