நஸ்ரின் கிளினிக்கும் எட்வின் முதுகும்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. குடைக் கம்பி உடைந்தது. கிங்ஸ் சர்க்கிளில் நஸ்ரின் கிளினிக் திறப்பு. பிசியோதெரபி காலேஜில் என் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். நான் இன்னும் திலக் நகரில் ஒற்றை அறை பிசியோ. அவள் வெளிநாட்டில் படித்து, முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்யும் கைரோபிராக்டராகத் திரும்பி வந்திருக்கிறாள். வாசலில் செருப்பு விட இடமில்லை.

"ஏட்டி ரூபி! இந்த மழையில வந்திருக்கியே!" கட்டிக்கொண்டாள். நல்ல வாசனை. அதுவும் பிடிக்கவில்லை.

வந்தவர்களிடம் பேசினாள். அவள் வாப்பாவுக்குத் தாராவியில் தோல் பை பட்டறை. மெஷின் மேல் குனிந்தே இருந்தவர், கடைசியில் படுக்கையில்கூட நிமிர முடியாமல் போனாராம். "அப்பவே முதுகெலும்பத்தான் படிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா முதுகு தனியா வலிக்காது. தூக்கம், சாப்பாடு, மனசு, எல்லாம் கேட்டுட்டுத்தான் கை வைப்பேன்."

கைதட்டல். நானும் தட்டினேன். காலேஜில் அவளுக்கு முதுகெலும்புப் படம் வரைந்து கொடுத்ததே நான்தான்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. புழுக்கம். வாங்க: ஜெல், டேப், புளி.

சுலோசனா மாமி மூட்டுவலிக்கு என்னிடம் வருபவர். இன்று வரவில்லை. சாயங்காலம் லிஃப்டில் பிடித்தேன். "கிங்ஸ் சர்க்கிள் போயிருந்தேன்மா. அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் பேசறா! ஏக்தம் ஹல்கா. உடம்பே லேசாயிடுத்து."

நான் பேசுவது: மூச்சை இழுங்க, விடுங்க. அவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

எட்வினுக்கு நாள்பட்ட முதுகுவலி. கட்டின மனைவி நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒருநாளும் செய்ததில்லை. இன்று சட்டை கழற்றும்போது முனகவே இல்லை. விசாரித்தேன். ஆபீஸ் விட்டு நஸ்ரினிடம் போனாராம்.

"வீட்டுலயே ஒருத்தி இருக்கேம்லா?"

"கோவப்படாத. நல்லா தூங்குதீங்களான்னு கேட்டா. அண்ணன் போனதுலேர்ந்து தூக்கமே இல்லன்னு சொன்னேன்."

போன வருஷம் மாரடைப்பில் போன அண்ணன்.

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"நீ கேக்கலியே, ரூபி."

மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஒரே கட்டில். எனக்குத் தெரியவில்லை. அவர் முதுகில் அவள் கை வைத்தது பரவாயில்லை. கேட்டாளே, அதுதான்.

ஜூலை 12, சனி

நஸ்ரின் போன். எடுக்கவில்லை. மறுபடியும் போன். எடுக்கவில்லை. எட்வினோடும் பேச்சில்லை. துணி காயவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் விட்டு பஸ் ஸ்டாப்பில் நானும் எட்வினும் மட்டும். தூறல். கேட்டுவிட்டேன்.

"தூக்கம் வராம அப்படி என்னத்த யோசிப்பீங்க?"

எங்கள் பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

"அண்ணன் போன வயசு எனக்கும் அடுத்த மாசம் வருது. முதுகுல சுருக்குன்னா, நமக்கும் நெஞ்சுதானோன்னு..." குரல் உடைந்துவிட்டது.

கையைப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கே இதய டாக்டரைப் பார்ப்போம், நானும் வருகிறேன் என்றேன். தலையாட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இத நஸ்ரின்கிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல. ஒங்கிட்டதான்."

மனுஷன் அழுதுகொண்டிருக்கிறார். எனக்கு உள்ளே சந்தோஷம்.