ஞாயிறு சைக்கிள் தடமும் கையெழுத்திடாத நாற்பத்தொன்பது பேரும்

அனுப்புநர்
மு. செங்குட்டுவன் (வயது 62),
ஓய்வுபெற்ற செய்தியாளர்,
தன்னார்வப் பொறுப்பாளர், கடலோரச் சைக்கிள் குழு,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை - 600 081.

பெறுநர்
போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர் அவர்கள்,
கடலோரச் சாலைச் சரகம்,
சென்னை.

பொருள்: ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் தடத்தை விலக்கும் உத்தேச முடிவு – ஆட்சேபம் – பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை குறித்த விளக்கம் – தொடர்பாக.

பார்வை: 1. எனது கடிதம், நாள் 5.2.2024.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 14.8.2025.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

1. எண்ணூர் விரைவுச் சாலையின் கடற்பக்கத்தில் ஞாயிறுதோறும் காலை ஐந்து மணி முதல் ஏழரை மணி வரை கூம்புகள் வைத்து ஒதுக்கப்படும் சைக்கிள் தடம், வரும் 31ஆம் தேதி முதல் இருக்காது எனப் பார்வை 2இல் கண்ட தங்கள் கடிதம் தெரிவிக்கிறது. கடிதம் நேற்று, 18ஆம் தேதி திங்கள்கிழமை, பதிவுத் தபாலில் கிடைத்தது. காரணமாக இரண்டு எண்ணிக்கைகள் அதில் உள்ளன. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பதின்மூன்று ஞாயிறுகளில் மொத்தம் பதின்மூன்று கையெழுத்துகள். ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 10 வரையிலான நான்கு ஞாயிறுகளில் ஒன்றுகூட இல்லை. நேற்று மாலையே சாலையோரக் காவல் சாவடிக்குச் சென்று பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்த்தேன். இரண்டும் சரி. அந்தப் பதின்மூன்று கையெழுத்துகளும் என்னுடையவை.

2. ஆகவே தங்கள் அலுவலகம் தவறாக எண்ணிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதிவேடு யாரை விட்டுவிட்டது என்பதைத் தெரிவிக்கவும், அதற்கு நானே காரணம் என்பதை ஒப்புக்கொள்ளவும் இம்மனுவை எழுதுகிறேன்.

3. குழுவைத் தொடங்கியவர் கீர்த்தி. ராயபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் பணியாற்றினார். ஞாயிறு விடியலில் முப்பது பேருக்கு மேல் கூடினோம். வழிநடத்த உதவும் தன்னார்வலர்கள் தேவை என்று 2023 ஆகஸ்டில் அவர் அறிவித்தபோது நான் பெயர் கொடுத்தேன். ஓய்வுபெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. கீர்த்தி முன்னால் போவார். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் வேலை பார்க்கும் டில்லிபாபு நடுவில் விசிலுடன் வருவார். நான் கடைசி ஆள். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. யார் நின்றாலும் அவரோடு நிற்க வேண்டும். பம்பும் பஞ்சர் பசையும் அவர் பையில் இருக்கும்.

4. 2023 டிசம்பரில், துறைமுக வாயிலுக்காக வரிசையில் நின்றிருந்த டிரெய்லர் ஒன்றின் கதவு திடீரெனத் திறந்ததால் கீர்த்தி சாலை நடுவே விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரி நின்றுவிட்டதால் உயிர் பிழைத்தார். அதன் பிறகே, டிரெய்லர்கள் நிற்காத ஒரு தடம் வேண்டும் என்று பார்வை 1இல் கண்ட கடிதத்தை எழுதினேன். தங்களுக்கு முன்பு இப்பொறுப்பில் இருந்தவர் ஒரே மாதத்தில் உத்தரவிட்டார். 2024 மார்ச் 3ஆம் தேதி முதல் கூம்புகள் வைக்கப்பட்டன.

5. அக்கடிதத்தின் நான்காம் பத்தியைத் தாங்கள் மீண்டும் பார்க்க வேண்டுகிறேன். தடத்தைப் பயன்படுத்துவோர் சாவடியில் உள்ள பதிவேட்டில் கையெழுத்திடலாம், ஒரு காலாண்டில் ஞாயிறு ஒன்றுக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்குக் குறைந்தால் ஏற்பாட்டை ரத்து செய்யலாம் என்பது நானே முன்வைத்த நிபந்தனை. அலுவலகம் கேட்கவில்லை. ஆதாரமில்லாத எண்ணிக்கையை அச்சில் ஏற்றாத தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தேன். கையெழுத்தைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தோன்றவில்லை. அப்போது முப்பத்து நான்கு பேர் வந்துகொண்டிருந்ததால் பத்து என்பது மிகச் சிறிய எண்ணாகவும் தெரிந்தது.

6. 2024 ஜூனில் கீர்த்தி கோவைக்கு மாற்றலானார். சிலர் தென்சென்னையில் உள்ள குழுக்களுக்குப் போனார்கள். அங்கே கரித்தூள் இல்லை என்றார்கள், அது உண்மைதான். சிலருக்கு ஞாயிறும் வேலை வந்தது. 2024 டிசம்பர் 22க்குப் பிறகு என்னைத் தவிர உறுப்பினர் யாரும் தடத்துக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் இன்றும் அறுபத்தொரு பேர் இருக்கிறோம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூடும் இடத்தையும் நேரத்தையும் அனுப்புகிறேன். ஆகஸ்ட் 9ஆம் தேதி ஒன்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

7. ஒருவருக்காக இந்த ஏற்பாடு ஏன் தொடர வேண்டும் என்று தங்கள் கடிதம் கேட்கிறது. நியாயமான கேள்வி. அந்த ஒருவர் ஏன் தொடர்ந்து வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆளுக்கான விதிகளில், முன்னால் யாரும் இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதப்படவில்லை. யாராவது ஒருவர் தாமதமாக வந்தால் தடத்தில் குழு இருக்க வேண்டும் என நினைத்தேன். குழுவுக்கு நிர்ணயித்த மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டினேன். மற்ற ஆறு நாள்களில் யாரும் என்னை எங்கும் எதிர்பார்ப்பதில்லை என்பதும் ஒரு காரணம். அதை அரசு கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

8. இந்த ஆண்டு ஜூன் 29ஆம் தேதி தடத்தில் என் சைக்கிள் செயின் கழன்றது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் இறங்கி, நான் செயினை மாட்டும்வரை பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பெயர் மண்ணாங்கட்டி. எண்ணூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் காவலாளி, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். "இந்தக் கூம்பு நீ சொல்லித்தான் வெக்கிறாங்களாமே நைனா. ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் பயமில்லாம வூட்டுக்குப் போறேன்" என்றார். அதன் பிறகு அவர் வேகமாகப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் தடத்தைப் பார்த்தேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒன்றே கால் வருடமாக என்னை முந்திச் சென்றவர்கள் இவர்கள்தான். தலைக்கவசமும் குழுச் சட்டையும் இல்லாததால் நான் அவர்களைச் சைக்கிள் ஓட்டுபவர்களாக எண்ணவே இல்லை. இதே பகுதியில் செய்தி சேகரித்தவன் செய்திருக்கக் கூடாத பிழை இது.

9. ஜூலை 6ஆம் தேதி, சாவடிக் காவலரின் அனுமதியுடன் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தடத்தின் ஓரம் நின்று கையெழுத்துக் கேட்டேன். இருபத்திரண்டு பேர் நின்று பேசினார்கள். ஒருவரும் கையெழுத்திடவில்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்.

மண்ணாங்கட்டி: "ஒரு தபா சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருசம் கோர்ட்டுக்கு நடந்தேன். சைக்கிள் ஓட்டறதுக்குமா நைனா கையெழுத்து?"

எர்ணாவூரிலிருந்து காசிமேட்டுக்கு இறால் உரிக்கும் வேலைக்குப் போகும் சிவந்தி: "போலீசு புக்குல பேரு எழுதிக்கினு போனா, நாளைக்கு இந்த ரோட்டுல எவன் எவனை மோதினாலும் எங்க வூட்டாண்டதான் வந்து நிப்பாங்க. நல்ல மனுசனா கீற, உனுக்கு ஏன் சார் இந்த பேஜாரு?" திரும்பி வரும்போது மீன் வாடை என்று ஷேர் ஆட்டோவில் ஏற்ற மறுப்பதால் அவர் சைக்கிளில் போகிறார்.

பெயர் சொல்ல விரும்பாத இளைஞர்: "இன்னா சார், தனியா கீறேன்னு ஆளு புடிக்கிறியா?"

10. இதை டில்லிபாபுவிடம் தொலைபேசியில் சொன்னேன். "இதுக்குப் போயி இவ்ளோ யோசிக்கிறியே அண்ணே. என் பேரை நீயே போட்டுக்க. இன்னும் ஒம்போது பேரை நான் சொல்றேன், வந்த மாதிரியே இருக்கும். எவன் வந்து பாக்கப் போறான்?" என்றார். அன்பினால் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். இன்றைய நிலை இதுதான்: பெயர் தருபவர்கள் வருவதில்லை, வருபவர்கள் பெயர் தருவதில்லை.

11. எனவே ஜூலை 20 முதல் ஐந்து ஞாயிறுகள், தடத்தின் நடுப்பகுதியில் உள்ள சாவடிக்கு எதிரே நின்று எண்ணினேன். போய்த் திரும்புபவரை ஒரு முறை மட்டுமே எண்ணினேன். சந்தேகம் வந்த இடத்தில் விட்டுவிட்டேன். ஜூலை 20: 47 பேர். ஜூலை 27: 41. ஆகஸ்ட் 3: 52. ஆகஸ்ட் 10: 44. ஆகஸ்ட் 17: 49. மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த எண்ணிக்கை குறைவாக இருந்திருக்கலாம். அதை நான் எண்ணாததால் உறுதியாகச் சொல்ல இயலாது.

நின்று எண்ணிய நாள்களில் நான் ஓட்டவில்லை. ஓட்டாதவர் கையெழுத்திடுவது முறையல்ல என்பதால் இடவில்லை. தங்கள் கடிதத்தில் உள்ள 'ஒருவரும் இல்லை' என்ற நான்கு ஞாயிறுகளும் இப்படி நேர்ந்தவை. தடத்தில் அதிகம் பேரை நான் பார்த்த நாள்கள் அவை.

12. கூம்புகள் எடுக்கப்பட்டால் அந்த இடத்தில் மறு நிமிடமே டிரெய்லர்கள் நிற்கும். சைக்கிள்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுச்சாலைக்கு வர வேண்டும். கீர்த்தி விழுந்தது அங்கேதான். அவருக்குத் தலைக்கவசம் இருந்தது, எழுந்து வந்தார். நான் எண்ணியவர்களில் தலைக்கவசம் அணிந்தவர் ஒருவரும் இல்லை.

13. ஆகவே பின்வருமாறு வேண்டுகிறேன்.

(அ) வரும் 24ஆம் தேதி ஞாயிறு காலை ஐந்து மணிக்குத் தங்கள் அலுவலர் ஒருவரைச் சாவடியில் நிற்கச் செய்து, தடத்தில் செல்வோரை எண்ணச் சொல்ல வேண்டும். பெயர் கேட்க வேண்டாம். சீருடை இல்லாமல் வந்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும், சீருடையைக் கண்டால் சிலர் வேறு வழியில் போய்விடுவார்கள்.

(ஆ) கையெழுத்து நிபந்தனையை நீக்கி, தலை எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். நான்காம் பத்தியை எழுதியவன் என்ற முறையில் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

(இ) 2024ஆம் ஆண்டு உத்தரவில் 'கடலோரச் சைக்கிள் குழுவினருக்காக' என்று உள்ளது. அதை அடித்துவிட்டு, 'சைக்கிளில் செல்வோருக்காக' என்று திருத்த வேண்டும். குழு பதிவு செய்யப்பட்டதல்ல. அப்படி ஒன்று இருந்ததற்கு அரசிடம் உள்ள ஒரே தாள் அந்த உத்தரவு. அதைத் தெரிந்தே கேட்கிறேன். கீர்த்திக்கு எழுதி ஒப்புதல் கேட்டேன். "நீங்க என்ன செய்தாலும் சரி சார்" என்று பதில் வந்தது.

14. நிலுவையில் இருப்பவை: ஆட்சேபங்களைப் பெறும் கடைசி நாள் 22ஆம் தேதி, அதற்குள் இம்மனுவை நேரில் தருகிறேன். இறுதி முடிவு 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை எடுக்கப்படும் எனத் தங்கள் கடிதம் சொல்கிறது. கடந்த ஞாயிறு சிவந்தி சைக்கிளை நிறுத்தி, அடுத்த மாதம் கூம்பு இருக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் எண் என்னிடம் இல்லை, என் எண்ணை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மற்ற நாற்பத்தெட்டுப் பேருக்கும் அப்படியே. முடிவு எதுவானாலும், 31ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு அந்த இடத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் நான்தான் சொல்ல வேண்டும். ஆகவே 29ஆம் தேதி மாலைக்குள் எனக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நான் மட்டுமே இருப்பதால் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மு. செங்குட்டுவன்

இடம்: சென்னை - 81
நாள்: 19.8.2025

இணைப்பு: ஐந்து ஞாயிறுகளின் எண்ணிக்கைக் குறிப்பு, கையெழுத்துப் பிரதி – 5 பக்கங்கள்.