கண்ணாடிக் கதவில் அழகர்

அன்புள்ள கார்த்திகேஷுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் சொந்த வீட்டு ஹாலில் காலை நீட்டி உட்கார முடியாதவன் சௌக்கியம் என்று எப்படி எழுதுவான். நீ அங்கே குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம்.

எல்லாம் நீ செய்த வேலை. நல்ல தேக்குக் கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு போடச் சொன்னாய், போட்டோம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நான் சாப்பிடுவதை எட்டிப் பார்க்கிறார்கள் என்றதும், அங்கே உட்கார்ந்தபடியே ஒன்வே விஷன் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாய். பொடிப்பொடி ஓட்டை, உள்ளேயிருந்து பார்த்தால் தெரு தெரியும், வெளியேயிருந்து பார்த்தால் படம்தான் தெரியும் என்றாய். சரி என்று சிம்மக்கல் கடைக்குப் போனோம். கடைக்கார அசோக்குமார் என்ன படம்மா போடலாம் என்று கேட்க, வெறும் கறுப்பு போதும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா தங்கக்குதிரையில் வரும் கள்ளழகர் என்று சொல்லிவிட்டாள். சித்திரையில் அழகரை எதிர்கொண்டு அழைக்கிற தல்லாகுளத்தில், தெருவைப் பார்த்த கதவில், ஆளுயர அழகர்! ஜனங்கள் சும்மா போவார்களா?

செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிடுகிறார்கள். உள்ளே பனியனோடு பேப்பர் படிக்கிற எனக்கு நேராகத்தான் அத்தனை கும்பிடும். பூக்கார முத்துமீனா தினமும் கைப்பிடியில் ஒரு முழம் சுற்றிவிட்டுப் போகிறாள். யாரோ சூடம் கொளுத்திப் படி கறுத்துக் கிடக்கிறது. எதிர்வீட்டு சுபலட்சுமி இருக்கிறாளே, அழகரப்பா, இந்த வீட்டு மனுசனுக்கு நல்ல புத்தியக் குடு, தண்ணிய எங்க வாசப் பக்கமே திருப்பி விடுறாரு என்று என் முகத்துக்கு நேரே மனுக் கொடுக்கிறாள். நான் எழுந்து பதில் சொல்லவா முடியும்? சாயங்காலம் விளக்கைப் போட்டால் எல்லாம் தலைகீழ், அழகர் மங்கிப்போய் நான் டிவி பார்ப்பதுதான் தெருவுக்குத் தெரிகிறது. இதற்குப் பெயர் மறைப்பா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வெள்ளிக்கிழமை காலையில் அம்மா கோலம் போட்டுவிட்டு, நான் குளிக்கப் போய்விட்டதாக நினைத்து, அந்தக் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். நான் இந்தப் பக்கம் நாற்காலியில். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். என் பிள்ளைய இந்தச் சித்திரைக்காவது கொண்டாந்து கண்ணுல காட்டிருப்பா, வேற எதுவும் கேக்கல என்று அழுதாள். நீ கூப்பிடும்போதெல்லாம், டிக்கெட் அம்புட்டு விலை விக்கிது, இப்ப எதுக்கு வார, வேலையப் பாரு என்று சிரிக்கிறவளும் இவள்தான். நீயும் அதை நம்பி மூன்று சித்திரையாக வரவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதற்குள் நான் குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்துவிட்டேன். வெளியே வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி காபியை நீட்டினாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஸ்டிக்கரை உரிக்க ஆள் கூப்பிட்டால், சாமி படத்தைக் கிழிக்கக் கூடாது என்று குறுக்கே நிற்கிறாள். ஒட்டச் சொன்னவன் நீ. அழகர் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் நீ வந்து உன் கையால் உரித்துப் போடு. அதுவரை அவள் வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள், நான் உள்ளே கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கொடுக்கக்கூடிய வரமா அது?

ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. சனிக்கிழமை மறக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளி. இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. வருகிற தேதியை மட்டும் சொல், அழகர்தான் கொடுத்தார் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா
சந்தானம்